அத்தானின் வயிற்றுப் பட்டை

என் அக்காவின் கணவர் டவர் கிரேன் ஓட்டுபவர். நான் கீழே நின்று அவருக்கு வழி சொல்கிற சிக்னல்மேன். பதினோரு வருஷம், நடுவில் ஒன்றரை வருஷம் தவிர, ஒரே கட்டடங்களில் வேலை பார்த்தோம். கிரேனின் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கேபினிலிருந்து பார்த்தால் சுமை இறங்குகிற இடம் பாதி நேரம் தெரியாது. சுவர் மறைக்கும், சாரம் மறைக்கும். அதனால் அவருக்கு நான்தான் கண். வாக்கிடாக்கியில் விடாமல் பேசிக்கொண்டே இருப்பேன். "இறக்கு, இறக்கு, இறக்கு, மெல்ல, இறக்கு." என் பேச்சு நின்றால் சுமையும் நிற்க வேண்டும் என்பது தொழில் விதி. அக்காவைக் கட்டியவரை நாள் பூராவும் ஏற்று, இறக்கு, நிறுத்து என்று அதட்டுகிற பாக்கியம் எத்தனை மச்சான்களுக்குக் கிடைக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் "உக்காருங்க அத்தான்" என்று மரியாதைக்கு மாறிவிடுவேன்.

சைட்டில் அவருக்கு டேங்கர் என்று பெயர். காரணம் யாரும் கேட்டதில்லை, ஆளைப் பார்த்தால் போதும். பின்னால் ஆஸ்பத்திரி மெஷின் காட்டியபடி நூற்று நாற்பத்தெட்டு கிலோ. வீட்டில் இருந்த எடை மெஷின் நூற்று முப்பதோடு கையை விரித்துவிடும், அதற்கு மேல் ஊகம்தான். கிரேனுக்குள் ஏணி செங்குத்தாகப் போகும். ஆறு மீட்டருக்கு ஒரு தட்டு, தட்டுக்குத் தட்டு ஒரு சதுரத் துளை. மற்றவர்கள் விறுவிறுவென்று ஏறிப் போகிற துளையில் அத்தான் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை வெளியே விட்டுவிட்டு நுழைவார். அதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்துவிடுவார். ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஏறிவிட்டால் வேலை முடிகிற வரை இறங்க மாட்டார்.

நான் வாய்த்துடுக்குக்காரன். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் நான் கூட ரெண்டு சேர்த்துச் சிரித்தவன். ஒருநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் வரும்போது, ஒரு பெண் அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். இறங்கிய பிறகு அவர் சொன்னார்: "மேல போயிட்டா நான் குண்டன் இல்ல மாப்ள. கீழ இருக்கிறவனுக்குக் கொக்கிதான் தெரியும். கொக்கிக்கு ஏது தொப்பை?"

அது உண்மை. அந்தக் கொக்கி அவர் சொன்னபடி கேட்டது. ஒன்றரை டன் கம்பிக்கட்டைத் தூங்குகிற பிள்ளையைக் கட்டிலில் விடுகிற மாதிரி இறக்குவார், கீழே ஒரு ஓசை கேட்காது. அந்தக் கேபின் ஒன்றுதான் அவர் மனுஷராக நிமிர்ந்து உட்கார்ந்த இடம். இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது எல்லாம் புரியும்.

பிறகு கம்பெனி புது கிரேன் கொண்டுவந்தது. துளை இன்னும் சின்னது. இருக்கைக்கு நூற்று இருபது கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை என்று பக்கத்திலேயே தகடு அடித்திருந்தார்கள். அதோடு புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் தகட்டில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர். அத்தானை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் வருகிற முந்நூறு பேருக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. முந்நூறு பேரும் ஜன்னல் வழியே அவரைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு மாதம் தாங்கினார். அப்புறம் அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

இரைப்பையின் மேல் பக்கத்தில் ஒரு சிலிக்கான் பட்டையைச் சுற்றிப் பூட்டிவிடுவது, அதுதான் ஆபரேஷன். பட்டைக்கு மேலே ஒரு சின்ன உள்ளங்கை அளவு பை மாதிரி இடம் மிஞ்சும். நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும். பட்டையிலிருந்து ஒரு குழாய் வந்து விலா எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பித்தான் போல முடியும். அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். எனக்கு இதை விளக்கியபோது அத்தான் சட்டையைத் தூக்கி அந்த மேட்டைத் தொட்டுக் காட்டினார். "கிரேனுக்கு கிரீஸ் போடற முனை மாதிரி இருக்கு அத்தான்" என்றேன். சிரித்தார்.

டாக்டர் அவரிடம் சொன்னதை அக்கா அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தாள். "பட்டையைப் போடறது என் வேலை, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அதோட வாழறது உங்க வேலை, அதுக்கு முடிவே கிடையாது. வருஷா வருஷம் வந்து காட்டணும்." ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னாராம். அத்தான் காதில் ஒரு மணி நேரம் என்பது மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. முதலில் மாதத்துக்கு நாலு கிலோ, ஐந்து கிலோ. ஒவ்வொரு வாயையும் கூழாகிற வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் தொடக் கூடாது. ஒரு கிண்ணம் சாப்பிட அரை மணி நேரம். அக்கா குழந்தைகளுக்கான சின்ன ஸ்பூன் ஒன்று வாங்கி வைத்தாள். பெல்ட்டில் புதுத் துளை போடுவது என் பொறுப்பு. ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து போட்டுக் கொடுப்பேன், கடைசியில் பெல்ட்டில் தோலைவிடத் துளைதான் அதிகம் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் நூற்றுக்குக் கீழே வந்தார். மறுபடி கேபினுக்கு ஏறிய அன்று, கையைத் தூக்காமல், பக்கவாட்டில் திரும்பாமல், நேராக அந்தத் துளை வழியாகப் போனார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். டேங்கர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், இந்த ஒல்லி மனுஷனுக்கு ஏன் இந்தப் பெயர் என்று குழம்பினார்கள்.

மூன்று வருஷம் நன்றாகவே போனது. அதனாலேயே டாக்டரிடம் போவது நின்றது. ஒவ்வொரு தடவை உப்புநீர் ஏற்றிவிட்டு வந்தாலும் இரண்டு நாள் வெறும் திரவம்தான். அந்த இரண்டு நாளும் வேறொருவன் அவர் சீட்டில் உட்காருவான். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குப் போய் தொந்தரவு பண்ணணும்" என்றார். அக்காவும் விட்டுவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். ஓடுகிற கிரேனுக்கே மாதாமாதம் கயிறு பரிசோதிக்கிறவர்கள் நாங்கள். எங்கள் மனுஷனுக்குள் இருக்கிற பட்டையை யாரும் பார்க்கவில்லை.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் தொழிலில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வாக்கிடாக்கியில் நான் சொன்னதற்கு ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டும். "சரி", "இறக்கறேன்", ஏதாவது ஒன்று. கை வேலையாக இருந்தால் பொத்தானை இரண்டு தடவை தட்டினால் போதும், டிக் டிக் என்று கேட்கும், புரிந்தது என்று அர்த்தம். பட்டை போட்ட ஐந்தாவது வருஷத்திலிருந்து அத்தான் பேசுவதைக் குறைத்துக்கொண்டு டிக் டிக்குக்கு மாறினார். முதலில் மத்தியானத்துக்கு மேல் மட்டும். பிறகு நாள் பூராவும். முன்பெல்லாம் நடுநடுவே என்னைக் கிண்டல் பண்ணுவார், மேலேயிருந்து தெரிகிற மொட்டைமாடிக் கதைகளைச் சொல்லுவார். எல்லாம் நின்றது. உடம்பு குறைந்ததும் தலைக்கனம் கூடிவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். இரண்டு வருஷம் அவர் மேல் மனத்தாங்கலோடு இருந்தேன். டிக் டிக் வந்தால் எல்லாம் சரி என்று பழகிய காது. அந்தச் சமயத்தில் அவருக்கு வாயைத் திறக்க முடியாதபடி எச்சிலும் நுரையுமாகப் பொங்கிக்கொண்டிருந்தது என்பது அந்தக் காதுக்கு எப்படித் தெரியும்.

ஏழாவது வருஷத்தில் ஒருநாள் அவருடைய வாக்கிடாக்கி பாட்டரி தீர்ந்துபோனது. புது பாட்டரியோடு நானே மேலே ஏறினேன். சாப்பாட்டு இடைவேளை நேரம். கதவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. அத்தான் நெஞ்சை இருக்கையின் கைப்பிடியில் சாய்த்து, ஒரு பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். காலடியில் முடிச்சுப் போட்ட பைகள் மூன்று. ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஐஸ்கிரீம் கப்புகள். அக்கா கட்டிக்கொடுத்த டப்பா திறந்திருந்தது. சோறும் முட்டையும் இரண்டு வாய் மட்டும் குறைந்திருந்தன.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். "கெட்டியா எதுவும் இறங்க மாட்டேங்குது மாப்ள. இங்கயே நின்னுக்குது." நெஞ்சுக்குழியைக் காட்டினார். "ஐஸ்கிரீம் இறங்கிடும். பாலும் பிஸ்கட்டும் ஊற வெச்சா இறங்கிடும்."

"டாக்டரைப் பாக்கலாம் அத்தான்."

"வாந்தி வந்தா பட்டை வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அவர் அதை நம்பித்தான் சொன்னார். "போனா லூசாக்கிடுவாங்க. இல்ல, எடுத்துடுவாங்க. எடுத்துட்டா ஆறு மாசத்துல பழைய டேங்கர். அப்புறம் நான் ஹெல்மெட் எடுத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்கணும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அக்காகிட்ட சொல்லாத."

வேடிக்கை என்னவென்றால், பட்டை அவரைச் சாப்பிட விடாமல் பண்ணியும் எடை ஏறிக்கொண்டிருந்தது. சோறும் கறியும் தடுக்கப்பட்டு நின்ற இடத்தில் இனிப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. தொண்ணூற்று இரண்டிலிருந்தவர் நூற்று ஆறு ஆகியிருந்தார். பட்டினியும் கிடந்து பருக்கவும் செய்தார். மிஞ்சிய சோற்றைப் பையில் கட்டி வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கழுவிய டப்பாவோடு வீட்டுக்குப் போவார். அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாக மூடுவாள். அதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்லவில்லை. ஏழு மாதம் சொல்லவில்லை. ஒருமுறை சேஃப்டி ஆபீசர் என்னை நிறுத்தி, "உங்க ஆளு முகம் வெளிறிப் போயிருக்கே, நல்லாத்தானே இருக்கார்?" என்று கேட்டார். "சூப்பரா இருக்கார் சார்" என்றேன். மச்சான் என்ற பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டு வருஷம் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று பேசிய குற்ற உணர்ச்சி. அதை அவருக்கு நல்லவனாக நடந்து கழித்துவிடலாம் என்று பார்த்தேன்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். ஐந்தாவது மாடிக்கு ஒரு கட்டு சென்ட்ரிங் பலகை ஏறிக்கொண்டிருந்தது. அங்கே எட்டுப் பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்குச் சற்றுத் தள்ளி, நாலு ஆள் உயரத்தில் பலகைக்கட்டு வந்து நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. "இறக்கு" என்றேன். டிக் டிக் வரவில்லை. மறுபடி "இறக்கு, இறக்கு" என்றேன். ஒன்றுமில்லை. கைப்பிடியை விட்டுவிட்டால் சுமை இருந்த இடத்திலேயே நின்றுவிடும், அதுதான் அந்த இயந்திரத்தின் நல்ல குணம். பலகைக்கட்டு காற்றில் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

"அத்தான்" என்றேன் வாக்கிடாக்கியில். வேலை நேரத்தில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. இருபது பேர் காதில் அது கேட்டிருக்கும்.

கம்பி கட்டுகிறவர்களை விலக்கிவிட்டு, வாக்கிடாக்கியை இன்னொரு சிக்னல்மேனிடம், எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவரிடம், கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினேன். ஏழு தட்டு. அந்தத் துளைகள் ஒவ்வொன்றையும் தாண்டும்போது, இதில் நுழையத்தானே இவ்வளவும் என்று ஆத்திரமாக வந்தது. அவர் மேலேயா, அந்தத் தகட்டின் மேலேயா, என் மேலேயா என்று தெரியாத ஆத்திரம்.

அத்தானுக்கு நினைவு இருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க காபித்தூளைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. ரத்தம் வயிற்றில் தங்கி வந்தால் அந்த நிறம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மூன்று நாளாகத் தண்ணீரே இறங்கவில்லையாம்.

"எழுந்திருங்க, போலாம்" என்றேன்.

"சுமை தொங்குது மாப்ள."

"பக்கத்து கிரேன்காரரை வரச் சொல்லலாம்."

"அவன் இறங்கி, நடந்து, ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகும். காத்து ஏறுது பாரு. கீழ எல்லா மாடியிலும் ஆள் இருக்கு. வெச்சுட்டு வரேன்."

அப்படிப்பட்ட நிலையில் இருக்கிற ஒருவரை ஓட்ட விடக் கூடாது. விதி அப்படி. நான் விட்டேன். பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன், எலும்பு நடுங்குவது கையில் தெரிந்தது. கீழேயிருந்து தாடியின் குரல் வந்தது: இறக்கு, இறக்கு, மெல்ல. அத்தான் கை மட்டும் நடுங்கவில்லை. பலகைக்கட்டு போய் உட்கார்ந்தது. தாடி சொன்ன பிறகுதான் அது உட்கார்ந்தது எனக்குத் தெரியும், அவ்வளவு சத்தமில்லாமல் வைத்தார். கொக்கியைக் கழற்றியதும் கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். இடுப்பில் கயிறு கட்டி, தட்டுக்குத் தட்டு உட்கார வைத்து இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கீழே சேஃப்டி ஆபீசர் நின்றிருந்தார். அத்தானை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள், கண் திறந்துதான் இருந்தது. ஆபீசர் அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். "இது முதல் தடவையா?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் ஒரு வாரம் ஓய்வு, மறுபடி கேபின். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இல்ல சார்" என்றேன். "ரொம்ப நாளா இருக்கு. எனக்குத் தெரியும்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் நாலு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் புது டாக்டர் ஒரு பெண். கேள்விகளை அத்தானைப் பார்த்துத்தான் கேட்டார், அத்தான் சுவரைப் பார்த்தார். அதனால் அக்கா பதில் சொன்னாள். "நல்லாத்தான் டாக்டர் சாப்பிடறார். மெதுவா சாப்பிடுவார், ஆனா மிச்சம் வைக்க மாட்டார். மத்தியானம் கட்டிக்குடுக்கிற டப்பா காலியாத்தான் வருது." பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமையைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. டப்பா எப்படிக் காலியாகிறது என்று நான் சொன்னேன். ஐஸ்கிரீம் கப்புகளைச் சொன்னேன், முடிச்சுப் போட்ட பைகளைச் சொன்னேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஏழு மாசமா."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு திறந்தாள், மறுபடி மூடினாள்.

வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். பட்டை நழுவிக் கீழே போயிருந்தது. கீழே இருக்க வேண்டிய இரைப்பை அதன் வழியே மேலே ஏறி வீங்கி நின்றது, உணவுக்குழாய் தளர்ந்து அகலமாகியிருந்தது. "நிறைய பேருக்கு வருஷம் போகப் போக இப்படி ஆகறதுண்டு" என்றார் டாக்டர். "சிலருக்குக் கடைசி வரைக்கும் நல்லாவே இருக்கும். யாருக்கு எப்படின்னு பாத்துக்கிட்டே இருந்தாத்தான் தெரியும். வாந்தி பட்டை வேலை செய்யறதுக்கு அடையாளம் இல்ல. உதவி கேக்கறதுக்கு அடையாளம்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

அங்கேயே, விலாவுக்குக் கீழே அந்த மேட்டில் ஊசி போட்டு, பட்டையிலிருந்த உப்புநீர் முழுவதையும் இழுத்து எடுத்தார். ஒரு சின்ன சிரிஞ்சு கூட நிறையவில்லை. இத்தனை பாடு படுத்தியது இந்த இத்தனூண்டு தண்ணீரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் குடிக்கச் சொன்னார்.

அத்தான் ஒரு வாய் விழுங்கிவிட்டு, பழக்கத்தில் கையை வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரும்பி வரவில்லை. இன்னொரு வாய். அதற்கும் காத்திருந்தார். பிறகு தம்ளரைச் சாய்த்து மிச்சத்தைக் கடகடவென்று குடித்தார். "தண்ணி போகுது" என்றார் அக்காவிடம். "நேரா போகுது." ஐம்பது வயது மனுஷர் காலித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து பட்டையையே எடுத்துவிட்டார்கள். "பசி திரும்பும்" என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். "எடையும் திரும்பலாம். அது உங்க குணத்துல இருக்கிற குறை இல்ல, உடம்பு அப்படித்தான். மருந்து இருக்கு, வேற மாதிரி ஆபரேஷன் இருக்கு. வயிறு ஆறட்டும், யோசிக்கலாம். ஆனா ஒண்ணு, மறைக்காம வந்து சொல்லணும்." அக்கா தலையாட்டினாள். அத்தான் ஆட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

பசி திரும்பியது. எட்டு வருஷம் வெளியூர் போய்விட்டு வந்தவன் மாதிரி உரிமையோடு வந்து உட்கார்ந்தது. நாலு மாதத்தில் நூற்று இருபத்தாறு. கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஸ்டோரில் போட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் முந்நூறு பேர். நானும் தினம் வரிசையில் நின்று கையுறை வாங்குவேன். என் முறை வரும்போது முகத்தைப் பார்க்காமல் எடுத்து வைப்பார். கேபினில் இப்போது ஒரு புது ஆள். நன்றாகத்தான் ஓட்டுகிறான். எல்லாவற்றுக்கும் வாய் நிறையப் பதில் சொல்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "அவர்தான் கூப்பிடச் சொன்னார்" என்றாள். நான் நம்பவில்லை, இருந்தாலும் போனேன். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். அத்தான் எங்களோடு சேர்ந்து, எங்கள் வேகத்திலேயே சாப்பிடுவதை எட்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். நடுவில் தண்ணீர் குடித்தார். கோழிக்கறியைக் கடித்தார், அது பாட்டுக்கு இறங்கியது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. தட்டு காலியானதும் பழைய வழக்கப்படி அக்கா கரண்டி நிறையச் சோறு எடுத்து அவர் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள்.

அங்கே கை நின்றுவிட்டது.

ஒரு நொடி இருக்கும். அவ்வளவுதான். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்" என்று எத்தனை வருஷம் கெஞ்சியவள். அவள் கண் தட்டைப் பார்த்தது, அவர் வயிற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நானும் அந்தக் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், போடாதே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு. ஸ்டோர் ஜன்னலில் முந்நூறு பேர் பார்க்கிற பார்வைதான் அது. வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

அத்தான் உள்ளங்கையால் தட்டை மூடினார். "போதும்."

அக்கா சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் எழுந்து அவள் பின்னால் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றிருந்தாள். "நான் போடத்தான் போனேன்டா" என்றாள். "போடத்தான் போனேன்." குழாயை மூடினேன்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வாசலில் அத்தான் வந்து நின்றார், காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. கூச்சத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. அக்காவைப் பார்த்தார், பிறகு நாலு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் பசிக்குது மாப்ள" என்றார்.

இத்தனை வருஷப் பழக்கத்தில், குண்டாக இருந்தபோதும் ஒல்லியாக இருந்தபோதும், அந்த மனுஷர் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறார், ஒளித்து வாந்தி எடுத்திருக்கிறார். பசிக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை.

"போதும்னு சொன்னது பொய். பசிக்குது. சாப்பிட்டா ஏறும்னும் தெரியும். என்ன பண்றதுன்னு தெரியல. நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட போலாமா, நீயும் வரியா?"

"வரேன் அத்தான்" என்றேன்.

அக்கா அவர் கையிலிருந்து தட்டை வாங்கினாள். அரைக் கரண்டி சோறு வைத்து, அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். மூன்று பேரும் மறுபடி மேஜைக்குப் போனோம், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை கூடவே உட்கார்ந்திருந்தோம்.